அம்மாவை உள்ளே வைத்த இரண்டு வருடம்

எச்சில் தொட்டு நோட்டு எண்ணுகிறவர்களை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்? நான் தினமும் ஐம்பது பேரையாவது பார்க்கிறேன். வங்கியில் காசாளர் வேலை, பதினெட்டு வருடமாக. எங்கள் பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு இருக்கும், அதைத் தொட்டுத்தான் நாங்கள் எண்ணுவோம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு நாக்குதான் பஞ்சு. கொரோனா வந்த 2020 மார்ச் வரைக்கும் அது எனக்கு ஒரு அருவருப்பு, அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த ஒவ்வொரு நாக்கும், சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு முதல் மாடி வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவை நோக்கி நீள்வதாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. பதினாலு வருடமாக முடக்கு வாதம், டாக்டர்கள் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயதானால் எல்லோருக்கும் வரும் மூட்டுத் தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி நம் மூட்டுகளைத் தாக்குவது. அதை அடக்கத்தான் மருந்து. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கூடவே கொஞ்சமாக ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு கொடுத்த பரிசாகச் சர்க்கரை. எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவதற்காக ஊரே கபசுரக் குடிநீர் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு ஆள் அதைக் குறைப்பதற்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. "அப்போ அந்த மாத்திரைய நிறுத்திட வேண்டியதுதானே" என்றார்கள். டாக்டரிடம் போனில் கேட்டேன். "நீங்களா நிறுத்தினா மூட்டு வீங்கும், வீங்கினா ஸ்டீராய்டை ஏத்தணும், அது இன்னும் மோசம், பேசாம போடச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வேறு யாருடைய பேச்சும் அந்த அளவுக்கு உதவவில்லை.

வீடு என்றால் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரே ஒரு பாத்ரூம். அம்மா, நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன். கீழே வீட்டு உரிமையாளர் குடும்பம். மே 1-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஊரடங்கை நீட்டித்துப் போட்ட உத்தரவில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் எல்லோரும் அவசரத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டியதும் என் பையன் துள்ளினான். பாட்டியும் நானும் ஒரே கட்சி என்றான். ஒரே அரசாங்க உத்தரவில் பாட்டியும் பேரனும் உள்ளே, நான் மட்டும் அத்தியாவசியப் பணி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே.

அம்மாவின் அக்கா மகள் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். அவளுக்கு லூபஸ், அதுவும் எதிர்ப்புச் சக்தி வழி தவறி உடம்பையே தாக்கும் நோய். அங்கே இப்படிப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட்டு, மார்ச் மாதமே வீட்டுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டு வாரம் வாசல் தாண்டாதீர்கள் என்று கடிதம், வாங்கித் தர ஆள் இல்லாதவர்களுக்கு வாரா வாரம் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவள் வீடியோவில் அந்தப் பெட்டியைப் பிரித்துக் காட்டினாள்: தகர டப்பாவில் சூப், பாஸ்தா, பிரட், டாய்லெட் பேப்பர். அம்மா உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டது, "புளி போடலையாடி?" சிரித்தோம், ஆனால் எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் பொறாமையாக இருந்தது. பெட்டிக்காக இல்லை. "உங்கள் தாயார் ஆபத்தில் உள்ளவர், நாங்கள் அறிவோம்" என்று யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், அதை எங்கள் மேலாளரிடம் காட்டி, என்னைக் கவுண்டரிலிருந்து உள்வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பேன். அவரும் பாவம், இருந்ததே பாதி ஆட்கள்.

சரி, மாத்திரை கதைக்கு வருகிறேன்.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் 5 மணிக்கு எங்கள் தெருவில் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு எல்லோரும் பால்கனிக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஒரு பரிந்துரை வெளியிட்டது: கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் வீட்டில் நோயாளியோடு இருப்பவர்களும் முன்தடுப்பாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுக்கலாம் என்று. அதற்குச் சில நாள் முன்னால்தான் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் அதே மருந்தை டி.வி.யில் வானளாவப் புகழ்ந்திருந்தார். அவ்வளவுதான். மலேரியாவுக்கும் முடக்கு வாதத்துக்கும் லூபஸுக்கும் என்று சத்தமில்லாமல் மருந்துக்கடை அலமாரியில் கிடந்த ஒரு மாத்திரை, மூன்றே நாளில் காணாமல் போனது. 26-ஆம் தேதி மத்திய அரசு அதை எச்-1 பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்குள் வாங்குகிறவர்கள் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். "எதுக்கும் இருக்கட்டும்னு நாலு அட்டை வாங்கி வச்சேன் மேடம்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் அவருடைய பாஸ்புத்தகத்தைப் பதிந்து கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அம்மாவிடம் பதினொரு நாளுக்கான மாத்திரை இருந்தது. வில்லிவாக்கம், ஐ.சி.எஃப்., அயனாவரம் என்று ஏழு கடை ஏறி இறங்கினேன். சீட்டு இருக்கிறது, பதினாலு வருடக் கோப்பு இருக்கிறது, மருந்து இல்லை. எட்டாவதாக, நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்கே திரும்பிப் போனேன். அந்தக் கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்குக் கீழேயிருந்து இரண்டு அட்டையை எடுத்தார். "பெரியம்மாவுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்க்கா, அன்னிக்கு நீங்க வந்தப்போ கூட்டம் நின்னுச்சு, எல்லார் முன்னாடியும் எடுத்தா சண்டை வந்துரும்." அந்த இரண்டு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அந்த மாத்திரையால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த வாடிக்கையாளரின் பீரோவில் இருந்த நாலு அட்டை என்ன ஆனதோ.

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் கிளை இருந்த இருப்பை எப்படிச் சொல்ல. ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் போடுவதாக மத்திய அரசு அறிவித்திருந்தது. கூட்டம் சேராமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். 0, 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3, அடுத்தது 4, இப்படி 9-ஆம் தேதி வரைக்கும். அது தெரிந்து வந்தவர்கள் கொஞ்சம், தெரியாமல் வந்தவர்கள் நிறைய. வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். வெயில் ஏறியதும் வட்டத்தில் செருப்புகளை நிற்கவைத்துவிட்டு எல்லோரும் ஒரே வேப்பமர நிழலில் போய் நின்றார்கள். அவர்களை என்ன சொல்ல? வேலை போய், கையில் காசில்லாமல், 500 ரூபாய்க்காக நாலு கிலோமீட்டர் நடந்து வந்த பெண்கள். கவுண்டர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பேச்சு கேட்கவில்லை என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அந்த ஷீட்டையும் ஒதுக்கிவிட்டு, முகத்தை உள்ளே நீட்டிப் பேசினார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிப் பழகினேன். நான் எட்டு மணி நேரம் நாற்பது ஐம்பது பேர் மூச்சுக்குள் உட்கார்ந்துவிட்டு அம்மா இருக்கும் வீட்டுக்குப் போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருப்பார் என்பதை நான் யோசித்ததே வெகு நாள் கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்தால் ஒரு சடங்கு. மாடிப்படி அடியில் செருப்பு, கைப்பை, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் நின்றுவிடும். பையன் மேலேயிருந்து "அம்மா வந்தாச்சு" என்று கத்துவான், அதைக் கேட்டதும் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் பாத்ரூமில் சுடுதண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் கரைத்த இன்னொரு வாளியும் வைத்திருப்பார். நான் எதையும் தொடாமல், சினிமாவில் குண்டு கட்டிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி ஹாலைக் கடந்து உள்ளே போய், புடவையை வாளியில் முக்கி, தலைக்குக் குளித்து வெளியே வந்தால்தான் அம்மாவின் கதவு திறக்கும். அப்போதும் ஆறடி. பதினாலு மாதம் தினமும் தலைக்குக் குளித்ததில் எனக்குச் சைனஸ் வந்தது, அதுவும் கொரோனாவோ என்று மூன்று முறை பயந்தோம்.

பாத்ரூமுக்கும் முறை. காலை நாலரைக்கு அம்மா முதலில், அப்புறம் பையன், அப்புறம் அவர், கடைசியில் நான். நான் போய்வந்த பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் யாரும் போகக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதி ஒன்றுதான் உருப்படியாகச் செய்தது என்று இப்போது நினைக்கிறேன். மற்றபடி எங்கள் பாடு முழுக்கக் கழுவுவதிலேயே போனது. ஆவின் பச்சைப் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, அப்புறம்தான் அடுப்புக்கு. கத்தரிக்காய்க்கு மஞ்சள் உப்புத் தண்ணீர். செய்தித்தாளை நிறுத்தியாகிவிட்டது. இவ்வளவும் செய்துவிட்டு, கொசு வரும் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நாலு பேரும் ஒரே காற்றை மூச்சு விட்டோம். கிருமி காற்றிலும் மிதந்து பரவுகிறது, அதைக் கவனியுங்கள் என்று 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். அதைப் படித்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் கொசுவலை அடிக்க ஆளைக் கூப்பிட்டார். ஆள் வர ஆகஸ்ட் ஆனது.

முகக்கவசம் வேறு. அம்மாவின் விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டவை. என்-95-இன் இரண்டு நாடாவையும் இழுத்துத் தலைக்குப் பின்னால் மாட்ட அவரால் முடியாது. பாட்டில் தலையை அழுத்தி சானிடைசர் எடுக்க முடியாது, குழாயைத் திருகிக் கை கழுவுவதே காலை நேரத்தில் பெரும்பாடு. இருபது வினாடி கை கழுவுங்கள் என்று போனில் இருமலோடு ஒரு குரல் வரும்போதெல்லாம் அம்மா அதற்குப் பதில் சொல்வார்: "உன் கை இருக்குடா, நீ கழுவு." மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் பையன்தான் பாட்டிக்கு முகக்கவசம் மாட்டிவிடுவான், நாக்கைத் துருத்திக்கொண்டு, ஸ்கூலுக்கு ஷூ லேஸ் கட்டுகிற கவனத்தோடு.

வீட்டு வேலைக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார், ஒன்பது வருடமாக. மார்ச் 23-ஆம் தேதி நான்தான் அவரிடம் வர வேண்டாம் என்று சொன்னேன். சம்பளம் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன், கொடுத்தேன், ஜூன் வரைக்கும் முழுசாக. ஜூலையில் பாதி. ஆகஸ்டில் அவர் போன் செய்து, "நான் சுத்தமா வர்றேம்மா, உங்க வீட்ல வந்து குளிச்சிட்டுகூட வேலை செய்றேன்" என்றார். நான் அம்மாவின் பெயரைச் சொல்லி மறுத்தேன். அவருக்கும் சர்க்கரை உண்டு. அவர் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், அது மாதக்கணக்கில் நின்றிருந்தது. அவர் அப்புறம் வேறொரு வீட்டில் சேர்ந்துவிட்டார், அங்கே கொரோனா நோயாளி இருந்ததைச் சொல்லாமலே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போதும் பார்த்தால் பேசுகிறார். எங்கள் வீட்டுக்கு வேலைக்குத் திரும்பி வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒருவரை உள்ளே வைக்க வேண்டும் என்றால் அவருக்கு வேண்டியதையெல்லாம் யாரோ ஒருவர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அரிசி நடந்து வராது. நாங்கள் அம்மாவின் ஆபத்தை இல்லாமல் ஆக்கவில்லை, அதை எடுத்து வேறு வேறு ஆட்கள் தலையில் பங்கு வைத்தோம். என் பங்கு கொஞ்சம், மளிகைக்கடைப் பையனின் பங்கு கொஞ்சம், ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த லேப் பெண்ணின் பங்கு கொஞ்சம். மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்க வேண்டும். அந்தப் பெண் வெயிலில் உடம்பு முழுக்க மூடிய பாதுகாப்பு உடுப்போடு வந்து, வேர்வை கண்ணில் வழிய அம்மாவின் நரம்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு வாய் தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்தால் முகக்கவசத்தைக் கழற்றுவார் என்ற பயம்.

கீரை விற்கும் ஒரு அம்மா இருந்தார். கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவி, மே 5-ஆம் தேதி சந்தையை மூடி, 10-ஆம் தேதியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த நாட்களில் சந்தைக்குப் போனவர், சந்தைச் சரக்கை விற்றவர் என்றாலே ஆள் ஒதுங்கிப் போவார்கள். எங்கள் தெருவுக்குள் அவரை விடக் கூடாது என்றுகூடப் பேசினார்கள். எங்கள் கீரைக்காரம்மா விற்றது புழல் பக்கத்துத் தோட்டத்துக் கீரை, கோயம்பேட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அம்மா பால்கனிக் கம்பியில் கயிறு கட்டிப் பிரம்புக்கூடையை இறக்குவார், உள்ளே பத்து ரூபாய். ஒரு கட்டு அரைக்கீரை மேலே வரும். அப்புறம் அரை மணி நேரம் மேலேயிருந்து இவரும் தெருவிலிருந்து அவரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். அம்மாவுக்கு அந்த வருடம் முழுக்கக் கிடைத்த வெளிமனிதர் பேச்சு அது ஒன்றுதான். ஒரு நாள் அம்மா கேட்டார், இந்த வெயிலில், இந்த வியாதியில், இந்த வயதில் ஏன் அலைகிறீர்கள் என்று. கீழேயிருந்து பதில் வந்தது: "உனுக்கும் எனுக்கும் ஒரே வயசுதாம்மா. உனுக்குப் பொண்ணு பேங்க்ல கீது. நான் உள்ள குந்திகினா உனுக்குக் கீரை யாரு குடுப்பா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து கூடையில் இருபது ரூபாய் இறங்கியது, கீரைக்கட்டு அதே ஒன்றுதான்.

இத்தனைக்கும் நடுவில் அம்மாவுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்றும் சொல்ல வேண்டும். ஜூலையில் பெரியம்மா, அந்த லண்டன்காரியின் தாயார், திண்டிவனத்தில் இறந்துபோனார். கொரோனா இல்லை, இதயம். மகளால் வர முடியாது, விமானமே இல்லை. அம்மா கூடப்பிறந்த தங்கை, இங்கிருந்து மூன்று மணி நேரம். அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், சாவுக்குக் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் விண்ணப்பித்தார், கிடைத்தது. வண்டியும் சொல்லியாயிற்று. நான்தான் தடுத்தேன். சாவு வீட்டில் யார் தள்ளி நிற்பார்கள், எல்லோரும் கட்டிப்பிடித்துத்தானே அழுவார்கள் என்றேன். அம்மா எதுவும் பேசவில்லை, புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப்பில் யாரோ போனைப் பிடித்துக் காட்ட, ஈஸ்ட் ஹாமில் ஒருத்தியும் வில்லிவாக்கத்தில் ஒருத்தியுமாக ஒரே சின்னத் திரையைப் பார்த்து அழுதார்கள். பாடை தூக்கும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. நாலு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "நீ எனக்குப் பொண்ணா, வார்டனா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது உண்மை. ஒரு முறைகூட அம்மாவிடம், "நீ என்ன நினைக்கிறே, எவ்வளவு ஆபத்து உனக்குப் பரவாயில்லை?" என்று நான் கேட்டதில்லை. பதினாலு வருடம் அந்த நோயோடு வாழ்ந்தவர், ஒவ்வொரு மாத்திரையின் நல்லது கெட்டதும் தெரிந்தவர். ஆனால் முடிவெல்லாம் என்னுடையது. திண்டிவனம் போயிருக்கலாமா என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. கேட்டிருக்க வேண்டும், அது மட்டும் தெரியும்.

2021 மார்ச் 1-ஆம் தேதி 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது, பத்தாம் நாள் அம்மாவைக் கூட்டிப்போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட்டோம். போட்ட வாரம் மெத்தோட்ரெக்ஸேட் வேண்டாம், ஊசி சரியாகப் பிடிக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது ஊசிக்குள் என்னென்னமோ ஆகிவிட்டது. ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் மரம் நடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், எல்லோர் வீட்டிலும் ஒருத்தர் மாதிரி இருந்தவர், அவர் போனது அம்மாவை உலுக்கிவிட்டது. இரண்டாவது வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். அதற்குள் அம்மா போட்ட கோவிஷீல்டின் இரண்டு ஊசிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை முதலில் 6 முதல் 8 வாரம் என்றும், மே 13-ஆம் தேதி 12 முதல் 16 வாரம் என்றும் மாற்றிவிட்டார்கள். பிடிவாதத்துக்கு அரசாங்கமே கால அவகாசம் கொடுத்தது.

மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. கொரோனாவுக்கான ரெம்டெசிவிர் மருந்து வாங்கக் கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வரிசை நின்றதையெல்லாம் நான் விவரிக்கப் போவதில்லை, நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அந்த மாதம் இரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மதியம் கவுண்டரில் முதுகு வலித்தது, சாயங்காலம் காபித்தூள் டப்பாவைத் திறந்தேன், வாசனையே இல்லை. டப்பாவை மூக்கில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் குளித்து முடித்து, அம்மாவின் கதவும் திறந்துவிட்டிருந்தது.

வீட்டுத் தனிமை என்றால் தனி அறை, தனிக் கழிப்பறை. எங்களிடம் இரண்டும் இல்லை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை, வீட்டு உரிமையாளரின் பழைய சாமான்கள் கிடப்பது, பக்கத்தில் கட்டிட வேலைக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய கழிப்பறை. உரிமையாளர் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்தார். அதற்கு முந்தைய மாதம்தான் தண்ணீர் மோட்டார் விஷயமாக எங்களுக்குள் பெரிய சண்டை. அக்கினி நட்சத்திரம். பகல் பதினோரு மணிக்குமேல் அந்த அறைக்குள் இருக்க முடியாது, தண்ணீர்த் தொட்டி நிழலில் பாயைப் போட்டு, நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். விரலில் ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு ஒரு மணிக்கு ஒருதரம் எண்ணைப் பார்ப்பேன். 94-க்குக் கீழே போனால் உடனே சொல்ல வேண்டும் என்றிருந்தார்கள். ஒரு இரவு 93 காட்டியது. மருதாணி வைத்த விரல், அதனால்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வேறு விரலில் மாட்டினேன், 96. விடியும்வரை தூங்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மாடிப்படியில் பையனின் குரல். பாதிப் படியில் பிரம்புக்கூடையை வைத்துவிட்டு ஓடிவிட்டான். திறந்தால் மிளகு ரசம், குழைந்த சாதம், சுட்ட அப்பளம். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் தவிர எதுவும் வைக்கத் தெரியாது. ரசம் அம்மா வைத்தது. மூன்று வருடமாக அடுப்பங்கரைக்கு வராதவர், பூண்டு உரிக்க விரல் மடங்காதவர், பையனை உரிக்கச் சொல்லி, அவரைப் பாத்திரம் இறக்கச் சொல்லி, நின்று வைத்திருக்கிறார். எனக்கு ருசியும் தெரியவில்லை, வாசனையும் தெரியவில்லை. சூடு தெரிந்தது. பதினாலு நாளும் கூடை வந்தது. சாயங்காலம் அம்மா பால்கனியில் வந்து நின்று, மேலே தலையைத் தூக்கிக் கத்துவார்: "எத்தனைடி காட்டுது?" நான் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து எண்ணைச் சொல்லுவேன். "தலைய உள்ள இழு, வெயிலு." வார்டன் மாறிவிட்டார்.

அம்மாவுக்கு அந்த முறை வரவில்லை. பையனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் லேசாக வந்ததா இல்லையா என்று சோதித்துத் தெரிந்துகொள்ள அப்போது எங்களுக்குத் தெம்பில்லை. அம்மா மட்டும் எப்படித் தப்பினார்? ஒரு ஊசியா, திறந்த ஜன்னலா, அதிர்ஷ்டமா, சொல்லத் தெரியவில்லை. ஜூனில் இரண்டாவது ஊசிக்கு அம்மாவே தேதி கேட்டார்.

நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள், ஜனவரியில் மறுபடி மூடினார்கள், அந்த ஜனவரியில் எல்லோரும் சேர்ந்து இருமினோம். இரண்டு வருடம் கோட்டை மாதிரிக் காத்ததற்கு, யார் கொண்டுவந்தது என்றுகூடத் தெரியாமல் அது வந்து, மூன்று நாள் காய்ச்சலும் தொண்டை வலியுமாக அம்மாவை விட்டுப் போனது. அதற்காக மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார் டாக்டர், மணிக்கட்டு இரண்டும் வீங்கி, அந்த வலி அடங்க ஏப்ரல் ஆனது. கொரோனா எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அம்மா மணிக்கட்டைத்தான் காட்டுவார்.

இப்போதும் பஸ்ஸில், மருத்துவமனையில் அம்மா முகக்கவசம் போடுகிறார். "இன்னுமா?" என்பார்கள். போடட்டும், அது அவர் முடிவு. திண்டிவனத்தில் பெரியம்மாவின் வருடத் திதிக்கும் எங்களைக் கேட்காமல் தன் பாட்டுக்குப் போய்வருகிறார். கீரைக்காரம்மா இரண்டாவது அலையில் வராமல் போனவர் ஆகஸ்டில் திரும்ப வந்தார், மகனை இழந்திருந்தார். இப்போது கூடை இறங்குவதில்லை, அவர் மாடி ஏறி வந்து ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். முட்டி வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு ஹார்லிக்ஸ் டப்பா இருக்கிறது. அதில் எப்போதும் ஆறு அட்டை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வைத்திருக்கிறேன், மாதாமாதம் வாங்குவது போக, தனியாக. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், இரண்டு அட்டை காலாவதி ஆகியிருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கடைக்குப் போய் இரண்டு வாங்கி வைத்தேன்.